ஏற்காட்டிலிருந்து ஓரியன் நீர் மேசர்: 1.2 மீட்டர் டிஷ் போதுமா?

நாகலூர்க்காரன் | ஜனவரி 18, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் காப்பிச் செடி மட்டும்தான், சில்வர் ஓக் மரங்கள் வடக்கு ஓரத்தில். தெற்கும் உச்சிவானமும் நன்றாகத் திறந்திருக்கும். தகர டப்பா ஹார்ன் வைத்து, வானத்து ஹைட்ரஜன் வாயு வீசும் 21 செ.மீ. ரேடியோ கோட்டைப் பிடித்தாயிற்று. அடுத்ததாக 22 கிகாஹெர்ட்ஸ் நீர் மேசரைப் பிடிக்க ஆசை. மேசர் என்றால் லேசர் மாதிரிதான், ஒளிக்குப் பதில் நுண்ணலை பெருகி வரும். பெருநட்சத்திரங்கள் பிறக்கும் இடத்திலிருந்து நேராக வருகிற சிக்னல், அதுவும் தண்ணீரிலிருந்து. படித்ததிலிருந்து வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

கையில் இருப்பது 1.2 மீட்டர் ஆஃப்செட் டிஷ், ஒரு எஸ்டிஆர் குச்சி (கணினியில் செருகும் ரேடியோ ரிசீவர்). என் கேள்விகள்: இந்த டிஷ் போதுமா? எந்த மூலத்தில் தொடங்குவது? ஏற்காட்டுப் பனிமூட்டம் கெடுத்துவிடுமா?

ஓமலூர் குமார் | ஜனவரி 18, இரவு 10:05

ஆர்வத்துக்குப் பாராட்டு. ஆனால் ஒரு சந்தேகம். புனே பக்கத்து ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியில் 45 மீட்டர் டிஷ் 30 இருக்கிறது. ஊட்டித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளம். அவர்களே நீர் மேசர் பார்ப்பதாகக் கேள்விப்பட்டதில்லை. மொட்டை மாடி டிஷ்ஷில் எப்படி வரும்?

முள்ளுவாடி மைக்ரோவேவ் | ஜனவரி 18, இரவு 11:20

குமார், அந்த இரண்டும் வேறு வேலைக்குக் கட்டியவை. ஊட்டி 326.5 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது. ஜிஎம்ஆர்டியின் மேல் எல்லை ஏறத்தாழ 1450 மெகாஹெர்ட்ஸ். அந்த அலை நீளத்துக்குக் கம்பி வலை போதும், அதனால்தான் 45 மீட்டர் டிஷ்ஷை அவ்வளவு இலேசாகக் கட்ட முடிந்தது. நீர் மேசரின் அலை நீளம் 1.35 செ.மீ. அந்த வலை வழியாக அது பாட்டுக்குப் போய்விடும். அளவு பெரிதா என்பதைவிடப் பரப்பு வழவழப்பா என்பதுதான் இங்கே கணக்கு.

நாகலூர் அண்ணா, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1.2 மீட்டர் டிஷ்ஷின் பயனுள்ள பரப்பு 0.6 சதுர மீட்டர் என்று வையுங்கள். ஒரு ஜான்ஸ்கிக்கு (வான ரேடியோ மூலங்களின் வலுவை அளக்கும் அலகு) 0.0002 கெல்வினுக்குக் கொஞ்சம் மேலே ஆன்டெனா வெப்பநிலை ஏறும்; டிஷ் வாங்கும் சிக்னலைக் கெல்வினில் சொல்வதுதான் அது. சாதாரண ரேடியோ மூலம் என்றால் இது ஒன்றுக்கும் ஆகாது. ஆனால் ஓரியன் நெபுலாவில் பெருநட்சத்திரங்கள் பிறக்கும் ஓரியன் கேஎல் பகுதியின் நீர் மேசர் அமைதியாக இருக்கும்போதே ஆயிரக்கணக்கான ஜான்ஸ்கி. 5000 என்று எடுத்தால் 1.1 கெல்வின். உங்கள் ரிசீவரும் வானமும் சேர்ந்து 200 கெல்வின் இரைச்சல், சேனல் அகலம் 50 கிலோஹெர்ட்ஸ், மூன்று நிமிடம் சேர்த்தால் இரைச்சல் ஏற்ற இறக்கம் 0.07 கெல்வினுக்கு இறங்கிவிடும். அதிர்வெண் மாற்றிக் கழிக்கும்போது கொஞ்சம் கூடும், இருந்தாலும் கோடு தனியாக எழுந்து நிற்கும்.

ஆக, டிஷ் போதும். மற்றதெல்லாம்தான் கஷ்டம்.

மலர்விழி இயற்பியல் | ஜனவரி 19, காலை 6:40

இவ்வளவு சின்ன டிஷ்ஷில் ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் இயற்பியல் இருக்கிறது.

சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள நட்சத்திரம் பிறக்கும்போது அடர்ந்த தூசிக்குள் புதைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒன்றுமே தெரியாது. உள்ளே விழும் வாயுவில் ஒரு பங்கை அது இரு பக்கமும் வேகமாக வெளியே எறிகிறது. அந்தப் பாய்ச்சல் சுற்றியுள்ள வாயுவை மோதும் இடத்தில் அதிர்ச்சி அலை உருவாகும். அங்கே வெப்பநிலை சில நூறு கெல்வின், ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்துக் கோடி முதல் நூறு கோடி ஹைட்ரஜன் மூலக்கூறு. தூசிமேல் உறைந்திருந்த நீரும் புதிதாக உருவான நீரும் அங்கே ஆவியாக நிற்கும்.

மோதல்களால் நீர் மூலக்கூறுகள் மேல் சுழற்சி நிலைகளுக்கு ஏறும், பிறகு கதிர்வீசிக்கொண்டே இறங்கும். இறங்கும் பாதையில் ஒரு நிலையில் கூட்டம் தேங்கிவிடுகிறது, அதற்குச் சற்றே கீழுள்ள நிலை ஒப்பளவில் காலியாகிவிடுகிறது. இரண்டுக்கும் இடைவெளி 22.235 கிகாஹெர்ட்ஸ். இப்படி மேலே கூட்டம் அதிகமான வாயு வழியாக அதே அதிர்வெண் அலை ஒன்று போனால், வழியெல்லாம் தன்னைப் போன்ற அலையைக் கிளப்பிக்கொண்டே போகும். ஒரே வேகத்தில் நகரும் வாயு நீண்ட தூரம் நம் பார்வைக் கோட்டில் இருந்தால் பெருக்கம் அடுக்கடுக்காக ஏறும். பூமி சூரியன் இடைத்தூர அளவே உள்ள ஒரு வாயு முடிச்சிலிருந்து வரும் பிரகாசம், 10 இன் 15 ஆம் அடுக்கு கெல்வின் வெப்பப் பொருளுக்கு நிகராகத் தெரிகிறது. அங்கே அவ்வளவு சூடு கிடையாது, பெருக்கம்தான்.

இதை முதலில் கண்டது சார்லஸ் டவுன்ஸ் குழு, கலிஃபோர்னியாவின் ஹாட் க்ரீக்கில். அறிக்கை வந்தது 1969 இல். ஓரியன், சஜிட்டேரியஸ் பி2, டபிள்யூ49 என்ற நட்சத்திரம் பிறக்கும் பகுதிகள் மூன்றிலும் கண்டார்கள். 1954 இல் அம்மோனியாவை வைத்து ஆய்வகத்தில் முதல் மேசரைச் செய்ததும் டவுன்ஸ் குழுதான்.

நாகலூர்க்காரன் | ஜனவரி 19, மதியம் 1:30

மலர்விழி டீச்சர், மிக்க நன்றி. அப்படியானால் நீர் மேசர் தெரிகிற இடமெல்லாம் பெருநட்சத்திரம் என்று வைத்துக்கொள்ளலாமா?

மலர்விழி இயற்பியல் | ஜனவரி 19, இரவு 8:15

கூடாதுங்க. சூரியன் அளவு நட்சத்திரம் பிறக்கும்போதும் நீர் மேசர் வருவதுண்டு, வலு குறைவாக. வயதான சிவப்பு நட்சத்திரங்களின் உறையிலும் வரும். அதிர்ச்சியும் நீரும் அடர்த்தியும் சேர்ந்தால் போதும், அது யாருடைய வீடு என்று கேட்காது. பெருநட்சத்திரத்துக்கே உரிய அடையாளம் வேண்டுமென்றால் 6.7 கிகாஹெர்ட்ஸ் மெத்தனால் மேசர். 1991 இல் கார்ல் மென்டென் கண்டது. அதை இயக்குவது மோதல் அல்ல, சூடான தூசியின் அகச்சிவப்பு ஒளி. அந்தச் சூழல் பெருநட்சத்திரத்தைச் சுற்றித்தான் அமைகிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுசாகும். மெத்தனால் பெரும்பாலும் நட்சத்திரத்துக்கு அருகே வட்டு இருக்கும் பகுதியைக் காட்டும், நீர் வெளியே பாயும் பகுதியைக் காட்டும். 2015 இல் எஸ்255 என்ற பகுதியில் ஏறத்தாழ 20 சூரிய நிறையுள்ள இளம் நட்சத்திரம் ஒன்று திடீரென்று நிறைய வாயுவை விழுங்கியது. முதலில் தெரிந்தது மெத்தனால் மேசர் பொங்கியதுதான். அதைப் பார்த்த பிறகுதான் அகச்சிவப்பில் திரும்பிப் பார்த்து, நட்சத்திரமே பிரகாசமாகியிருப்பதைக் கண்டார்கள். பெருநட்சத்திரங்களும் தவணை தவணையாகத்தான் வளர்கின்றன என்பதற்கு அது நேரடிச் சாட்சி. அதன் பிறகு பல நாட்டு நிலையங்கள் சேர்ந்து மேசர்களைத் தொடர்ந்து கண்காணிக்கின்றன, எங்கே பொங்கினாலும் உடனே மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

ஓமலூர் குமார் | ஜனவரி 19, இரவு 9:02

இது புரிகிறது. ஆனால் ஏற்காட்டில் ஒரு கோட்டைப் பிடிப்பதால் அறிவியலுக்கு என்ன கிடைக்கும்? நூறு மீட்டர் எஃபல்ஸ்பர்க் ரேடியோ தொலைநோக்கி பார்த்த பிறகு நாம் பார்க்க என்ன இருக்கிறது?

மலர்விழி இயற்பியல் | ஜனவரி 19, இரவு 9:48

நேரம் இருக்கிறது, குமார். பெரிய தொலைநோக்கியில் ஒரு மூலத்துக்கு மாதம் ஒரு மணி நேரம் கிடைப்பதே பெரிய பாடு. நீர் மேசரோ வாரக் கணக்கில் மாறும். ஓரியன் கேஎல்லில் 1979 முதல் 1985 வரை ஒரு பெரும் பொங்கல் (மேசர் திடீரென்று பல மடங்கு வலுவாவது), 1998 இல் மறுபடியும், 2011 இல் இன்னொன்று. முதல் இரண்டின் உச்சத்தில் பத்து லட்சம் ஜான்ஸ்கிக்கு மேல். எந்த நாளில் தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது. ரஷ்யாவில் புஷ்சினோவின் 22 மீட்டர் டிஷ்ஷும் இத்தாலியில் மெடிசினாவின் 32 மீட்டர் டிஷ்ஷும் பத்தாண்டுக் கணக்கில் நீர் மேசர்களை விடாமல் பார்த்துச் சேர்த்த பதிவுகள் இன்றும் பயன்படுகின்றன. அவர்களைப் போல நுணுக்கமாக நம்மால் முடியாது. தினமும் பார்க்க நம்மால் முடியும். அந்த அளவுக்கு ஒரு பொங்கல் மறுபடி வந்தால் 1.2 மீட்டர் டிஷ்ஷில் அது 200 கெல்வினுக்கு எகிறும், ரிசீவரின் இரைச்சல் அளவுக்கே.

முள்ளுவாடி மைக்ரோவேவ் | ஜனவரி 20, இரவு 10:30

பனிமூட்டக் கேள்விக்கு வருகிறேன். இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

கண்ணை மறைக்கும் பனிமூட்டம் நீர்த் துளி. ஒரு கன மீட்டரில் அது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அடர்ந்த மூட்டம். அதனால் 22 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டருக்கு ஏற்படும் இழப்பு அற்பம். பகோடா பாயின்ட்டில் எதிரே நிற்கிற ஆள் தெரியாத காலையிலும் மேசர் வரும். உண்மையான எதிரி கண்ணுக்குத் தெரியாத நீராவி. மேலே மேசர் வீசும் அதே மூலக்கூறு, அதே 22.235 கோடு, நம் தலைக்கு மேலுள்ள காற்றிலும் இருக்கிறது. சேலத்தில் புழுக்கமான நாளில் உச்சிவானத்தைப் பார்த்தாலே ஐம்பது அறுபது கெல்வின் இரைச்சல் இதனால் மட்டும் சேரும், சிக்னலும் நாலில் ஒரு பங்கு போல் குறையும். டிஷ்ஷைச் சாய்த்தால் இன்னும் மோசம்.

இங்கேதான் மலை கை கொடுக்கிறது. நீராவி உயரம் போகப் போக வேகமாகக் குறையும், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்கு மூன்றில் ஒரு பங்காகிவிடும். சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் சுமாருக்கு, ஏற்காடு 1500. கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் ஏறி முடிக்கும்போது நீராவியில் கிட்டத்தட்டப் பாதியைக் கீழே விட்டுவிடுகிறீர்கள். தை, மாசியில் காற்றும் உலர்ந்திருக்கும். அப்போதுதான் செய்ய வேண்டும். ஐப்பசி அடைமழையில் வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனம்: ஃபீட் (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கும் ஹார்ன்) வாயில் மூடியிருக்கும் பிளாஸ்டிக்மேல் பனி நீர் படிந்தால் அது பெரிய இழப்பு. துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது சின்ன விசிறி வைத்துக் காற்று ஓட்டுங்கள்.

நாகலூர்க்காரன் | ஜனவரி 20, இரவு 10:52

அப்படியானால் வருவது மேசரா, நம் காற்றில் உள்ள நீரா என்று எப்படிப் பிரிப்பது? இரண்டும் ஒரே கோடு என்கிறீர்களே.

முள்ளுவாடி மைக்ரோவேவ் | ஜனவரி 20, இரவு 11:15

அகலத்தை வைத்து. நம் காற்றில் மூலக்கூறுகள் அடிக்கடி ஒன்றையொன்று இடித்துக்கொள்வதால் அந்தக் கோடு சில கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரந்து கிடக்கும். உங்கள் எஸ்டிஆரின் 2.4 மெகாஹெர்ட்ஸ் சன்னலில் அது வெறும் தட்டையான தரை. மேசர் முடிச்சு ஒவ்வொன்றும் 50, 100 கிலோஹெர்ட்ஸ் அகலம்தான். தரைக்கு மேல் ஊசியாக நிற்கும். அதிர்வெண்ணை அரை மெகாஹெர்ட்ஸ் அங்கும் இங்கும் மாற்றிக் கழித்தால் தரை போய்விடும், ஊசி தங்கும்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை | ஜனவரி 22, இரவு 8:20

வணக்கம்ங்க. நம்ம பட்டறையில் லேத் வேலையும் முலாம் வேலையும் உண்டு. நட்சத்திரம் எல்லாம் எனக்குப் புதுசு, ஆனால் படித்ததிலிருந்து இதில் கை வைக்க ஆசை. ஃபீட் ஹார்ன் பித்தளையில் கடைந்து தரலாம். உள் பக்கம் வெள்ளி முலாம் வேணும் என்றால் கொலுசு வேலைக்கு வைத்திருக்கும் தொட்டியிலேயே போட்டுவிடலாம். எவ்வளவு கனம் வேணும்?

முள்ளுவாடி மைக்ரோவேவ் | ஜனவரி 22, இரவு 9:40

அண்ணா, நீங்கள் வந்தது பெரிய பலம். 22 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் வெள்ளியின் மேல் தோலில் அரை மைக்ரானுக்கும் குறைவான ஆழத்தில்தான் ஓடும். மூன்று மைக்ரான் முலாம் தாராளம். கனத்தைவிட உள் பக்க வழவழப்புதான் முக்கியம். கருவி போன தடம் விரல் நகத்தில் தட்டினால் மறுபடியும் மெருகு போடுங்கள். அலைவழியின் உள் அளவு 10.7 க்கு 4.3 மி.மீ. செவ்வகம், அதிலிருந்து வட்டத்துக்கு மாறும் இடத்தில் படி இருக்கக் கூடாது. முலாம் போட்ட பிறகு உள்ளே மெழுகோ சாயமோ மிச்சம் இல்லாமல் கழுவிவிடுங்கள்.

நாகலூர் அண்ணா, நீங்கள் டிஷ்ஷையும் சோதிக்க வேண்டும். பரப்பு சராசரியாக அரை மில்லிமீட்டர் பிசகியிருந்தால் சிக்னலில் 80 சதவீதம் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர் என்றால் 42 சதவீதம்தான். கீழே விழுந்து நசுங்கிய டிஷ், கேபிள் டிவிக்காரர் மாடியில் கிடக்கும் பழைய வலை டிஷ் இரண்டும் வேண்டாம். விளிம்பு முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க, தையல் நூலை விளிம்பின் மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் இறுக்கிக் கட்டுங்கள். நடுவில் இரண்டு நூலும் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். ஒன்று மற்றதை அழுத்தினாலோ இடைவெளி தெரிந்தாலோ, பின்னால் உள்ள போல்ட்டைத் தளர்த்தி வளைவை எடுத்துவிட்டு மறுபடி முடுக்குங்கள். பெரும்பாலும் போல்ட்டை அதிகம் முடுக்கியதால்தான் முறுக்கிக்கொள்ளும்.

அடுத்தது லோக்கல் ஆஸிலேட்டர், அதாவது வரும் சிக்னலை எஸ்டிஆர் கேட்கும் அதிர்வெண்ணுக்கு இறக்க உதவும் அலை உற்பத்தி. டிவி டிஷ்ஷின் முனையில் உள்ள எல்என்பி பெட்டிக்குள் இருக்கும் சாதாரண ஆஸிலேட்டர் வெயில் ஏற ஏற மெகாஹெர்ட்ஸ் கணக்கில் நகரும். இங்கே ஒரு மெகாஹெர்ட்ஸ் நகர்வு என்றால் வேகத்தில் வினாடிக்கு 13 கிலோமீட்டர் பிழை. ஜிபிஎஸ்ஸில் பூட்டிய ஆஸிலேட்டர் வாங்கிவிடுங்கள். 24 கிகாஹெர்ட்ஸ் ஹாம் பட்டைக்கான ஒரு பழைய அதிர்வெண் மாற்றி என்னிடம் இருக்கிறது, 22க்கு இறக்கிப் பார்க்கிறேன். முன்வரிசைப் பெருக்கியை மட்டும் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

நாகலூர்க்காரன் | ஜனவரி 24, இரவு 9:05

நூல் கட்டிப் பார்த்துவிட்டேன். கீழ்ப் பக்க போல்ட் இரண்டைத் தளர்த்தியதும் சரியாக உட்கார்ந்தது. இனி குறிவைப்பதுதான் கவலை. டிஷ்ஷின் பார்வை அகலம் 0.8 பாகை என்று கணக்கு வருகிறது. என்னிடம் இருப்பது கையால் திருப்பும் தாங்கி, மோட்டார் கிடையாது. எப்படிச் சரியாக ஓரியனில் வைப்பது?

மலர்விழி இயற்பியல் | ஜனவரி 25, காலை 7:10

இதற்குச் சூரியனே வழிகாட்டும். இது எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு.

ஓரியன் கேஎல் வான நடுவரைக்குத் தெற்கே 5 பாகை 22 கலையில் இருக்கிறது. சூரியன் மார்ச் 6, 7 தேதிகளில் அதே இடத்துக்கு வரும். அன்று நண்பகல், அதாவது நம் ஊரில் மதியம் 12:28 வாக்கில், சூரியன் தெற்கே 73 பாகை உயரத்தில் உச்சம் தொடும். அந்த நேரத்தில் சூரிய இரைச்சல் உச்சமாகும்படி டிஷ்ஷை வைத்து, எல்லா போல்ட்டையும் முடுக்கிவிடுங்கள். 22 கிகாஹெர்ட்ஸில் சூரியன் சுமார் பத்தாயிரம் கெல்வின் தட்டு, பார்வை அகலத்தில் பெரும் பகுதியை நிரப்பும், தவறவே விட முடியாது. பிறகு டிஷ்ஷைத் தொடாதீர்கள். அன்று மாலை 6:53 வாக்கில் ஓரியன் கேஎல் அதே இடத்தை அதே உயரத்தில் கடக்கும். பார்வைக்குள் மூன்று நிமிடம் இருக்கும். அடுத்த நாளும் வரும், நாலு நிமிடம் முன்னதாக. டிஷ் அசையாத வரை தினமும் வரும்.

ஒரு எச்சரிக்கை: டிஷ் பளபளப்பாக இருந்தால் சூரியச் சூடு குவிந்து ஃபீட்டை உருக்கிவிடும். மங்கல் வண்ணம் அடித்த டிஷ்ஷாகப் பாருங்கள், உச்சத்தைக் குறித்ததும் ஃபீட்டுக்கு முன்னால் அட்டையைப் பிடித்து மறைத்துவிடுங்கள். எந்த நேரத்திலும் முகத்தைக் குவியம் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இதே கணக்கு சித்திரை ஒன்றாம் தேதிக்கும் இருக்கிறது. ஏப்ரல் 13, 14 இல் சூரியன் வடக்கே 9 பாகையைக் கடக்கும். டபிள்யூ49 வடக்குப் பகுதியும் வடக்கே 9 பாகைதான், திருவோண நட்சத்திரமும் அதே வரிசையில். நண்பகலில் வைத்து விட்டால் மறுநாள் காலை 6 மணி சுமாருக்கு டபிள்யூ49 அங்கே நிற்கும், ஏற்காட்டுக்கு உச்சிக்கு மூன்று பாகைக்குள். காற்றை மிகக் குறுகிய வழியாகத் துளைத்துப் பார்க்கலாம். எஃபல்ஸ்பர்க் இருக்கும் ஜெர்மனியிலிருந்து அது ஒருபோதும் 49 பாகைக்கு மேல் ஏறாது. 36,000 ஒளியாண்டு தூரத்தில் இருந்துகொண்டே பத்தாயிரம் ஜான்ஸ்கிக்கு மேல் தருகிற இடம் அது, நம் பால்வீதியிலேயே மிக வலுவான நீர் மேசர். சில முடிச்சுகள் வினாடிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகின்றன.

ஓமலூர் குமார் | ஜனவரி 25, இரவு 8:30

டீச்சர், தூரம் எப்படித் தெரிந்தது? தூசிக்குள் புதைந்து கிடக்கும் பொருள் என்றீர்களே.

மலர்விழி இயற்பியல் | ஜனவரி 25, இரவு 9:25

மேசர்களே சொன்னது. முடிச்சுகள் அவ்வளவு சின்னவை என்பதால், பல ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள டிஷ்களை இணைத்தால் அவற்றின் இடத்தை மிக நுட்பமாக அளக்கலாம். பூமி சூரியனைச் சுற்றும்போது அவை வருடத்துக்கு ஒரு முறை இலேசாக ஆடுவது தெரியும். அந்த இடமாறு தோற்றத்திலிருந்து நேரடியாகத் தூரம். அமெரிக்காவின் விஎல்பிஏ, ஜப்பானின் வேரா என்ற டிஷ் வலையமைப்புகள் இதைச் செய்கின்றன. ஏறத்தாழ 200 மேசர்களை இப்படி அளந்துதான் 2019 இல் பால்வீதியின் சுருள் கரங்களை வரைந்தார்கள். நமக்கும் பால்வீதி மையத்துக்கும் இடையே சுமார் 26,600 ஒளியாண்டு என்ற அளவும் அந்தக் கணக்கில் வந்தது.

ஓமலூர் குமார் | ஜனவரி 25, இரவு 9:40

சரி, நானும் மார்ச் 7 இல் வருகிறேன். ஜெனரேட்டரும் யுபிஎஸ்ஸும் என் பொறுப்பு.

முள்ளுவாடி மைக்ரோவேவ் | பிப்ரவரி 9, இரவு 10:10

மாற்றி 22க்கு இறங்கிவிட்டது. இரைச்சல் 180 கெல்வின் சுற்றி நிற்கிறது. ஹார்ன் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்தது. உள் பக்கம் கண்ணாடி மாதிரி, படி எதுவும் தட்டுப்படவில்லை. அண்ணாவின் கை வேலையைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இனி எஸ்டிஆரை எந்த அதிர்வெண்ணில் வைப்பது என்று டீச்சர் சொல்லிவிட வேண்டும்.

மலர்விழி இயற்பியல் | பிப்ரவரி 10, காலை 6:30

22,235.08 மெகாஹெர்ட்ஸில் வைக்கக் கூடாது. இது முக்கியம். மார்ச் முதல் வாரத்தில் பூமி தன் பாதையில் ஓரியனை விட்டு வினாடிக்கு 26 கிலோமீட்டர் வேகத்தில் விலகிப் போகும். அண்டை நட்சத்திரங்களோடு ஒப்பிட்டால் சூரியனும் அந்தத் திசையிலிருந்து 18 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது. ஓரியன் கேஎல்லின் சொந்த வேகம் 8. எல்லாம் சேர்ந்து 52. வினாடிக்கு ஒரு கிலோமீட்டருக்கு 74 கிலோஹெர்ட்ஸ் என்ற கணக்கில் 3.9 மெகாஹெர்ட்ஸ் இறங்கும். உங்கள் சன்னல் 2.4 மெகாஹெர்ட்ஸ்தான், அதனால் கோடு சன்னலுக்கு வெளியே போயிருக்கும். 22,231.2 ஐ நடுவில் வையுங்கள்.

இந்த நகர்வே நமக்குச் சாட்சியும் ஆகும். உள்ளூர் இரைச்சல் என்றால் வருடம் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும். ஓரியன் என்றால் வாரத்துக்கு வாரம் நம் சுற்றுப்பாதைப்படி நகர வேண்டும், செப்டம்பரில் ஓய்வு அதிர்வெண்ணான 22,235.08க்கே திரும்பி வர வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை | பிப்ரவரி 10, இரவு 8:45

நானும் வரலாமாங்க? இன்னொரு ஹார்ன் உதிரியாகக் கடைந்து கொண்டு வருகிறேன்.

நாகலூர்க்காரன் | பிப்ரவரி 10, இரவு 9:00

கேட்கவே வேண்டாம்ங்க அண்ணா, அவசியம் வாங்க. காலை 9 மணிக்குள் மேலே வந்துவிட்டால் 12 மணிக்குள் எல்லாவற்றையும் பொருத்தி முடிக்கலாம். வார இறுதியாக இருந்தால் மலைப்பாதையில் வண்டிகள் நெருக்கும், அடிவாரத்தில் 8 மணிக்கே கிளம்பிவிடுங்கள். டிஷ்ஷுக்குக் கீழே சிமென்ட் மேடை போட்டு, தாங்கியை நாலு போல்ட்டில் இறுக்கியிருக்கிறேன். அட்டை, துணி, நூல் எல்லாம் தயார். அன்று வானம் மூடினாலும் 8 ஆம் தேதி மாலை 6:49க்குப் பார்த்துவிடலாம், இரவு இங்கேயே தங்க இடம் இருக்கிறது.